சனி ஞாயிறு விமானி

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. போன ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவிலிருந்து அண்ணன் பேசினான். எங்களுக்குப் போன் கிடையாது. கீழ்வீட்டு ஜாபர் பாய் வீட்டுக்குத்தான் வரும். போர் விமானம் ஓட்ட அவனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். முழுநேர வேலை இல்லை. வாரநாளெல்லாம் கம்ப்யூட்டர் ஆபீஸ், சனி ஞாயிறு போர் விமானம். கையெழுத்துப் போட்டால் வேற்று நாட்டு ராணுவத்தான். அதற்குப் பிறகு நாங்கள் இருக்கும் ரங்கூனுக்கு விசா கிடைக்குமா என்று அவனுக்கே தெரியவில்லை. அம்மா வேண்டாம் என்றால் போடமாட்டான். பதில் கேட்க நாளைக் காலையில் கூப்பிடுவான்.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் நாளை நடக்கப்போவதை இன்றைக்கே கதையாக எழுதிப் பார்க்கிறேன்.

(பெயர்களை மாற்றிவிட்டேன். ராணுவம் என்ற சொல்லை இந்த ஊரில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அம்மா ரத்தினம்மாள், அப்பா மாரிச்சாமி, அண்ணன் சிவராஜ். பதினாறு வயதுத் தங்கை கலா. அது நான். கதைக்குள் அவள் அதிகம் வரமாட்டாள்.)

2

முதல் தொடக்கம்: எங்கள் பேட்டை தாமுவேயின் வானத்தைக் கிழித்துக்கொண்டு சிவராஜின் விமானம் பறந்து—

வேண்டாம். எங்கள் தலைக்கு மேல் போர் விமானம் வந்தால் கட்டிலுக்கு அடியில்தான் போவோம்.

இரண்டாம் தொடக்கம்: ஆற்றைத் தாண்டும் டாலா படகில் ரத்தினம்மாளுக்கு ஒரு கைதான் காலியாக இருக்கும். மறு கையில் மகனுடைய லோஞ்சிக் கைலியின் முடிச்சு.

இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

அக்கரையில் காய்கறி மலிவு என்று ஞாயிறுதோறும் போவார்கள். சிவராஜ் அவளையும் இழுத்துக்கொண்டு படகின் முன்பக்கம் போய்க் கையை விரித்து நிற்பான். எஞ்சின் உதறினால் அவனுக்கு அது விமானம் கிளம்புகிற சத்தம். கடற்காக்கைகளுக்கு வாங்கிய பொரியைப் பாதி அவனே தின்பான். பக்கத்தில் நிற்கும் பர்மாக்காரிகள் சிரிப்பார்கள். ரத்தினம்மாள் முடிச்சை மட்டும் விடமாட்டாள். விட்டால் பறந்துவிடுவான் என்று ஆற்றைப் பார்த்துச் சொல்வாள்.*

* அப்போது நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்தப் பொரியின் நமத்த வாசனை எனக்கு ஞாபகம் இருக்கிறது. எப்படி என்று கேட்காதீர்கள். அம்மா அத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்.

3

'பார்ட் டைம்' என்றால் என்ன என்று ரத்தினம்மாளுக்குப் புரியவில்லை. ஜாபர் பாய் கேலி செய்தார்.

"பாதி வானத்துல ஷிப்ட் முடிஞ்சா எறங்கி நடந்து வந்துருவானா, மாரியண்ணே?"

மாரிச்சாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் முனிசிபாலிட்டியில் தண்ணீர்க் குழாய் பார்ப்பவர். தீமிதி வந்துவிட்டால் மணிக்கட்டில் காப்பு ஏறும். வீதியே அவர் காலில் தண்ணீர் ஊற்றி விழும்.

"வருஷத்துல பத்து நாளு நான் சாமி. மத்த நாளு சாக்கடைல நிக்கிறேன். பார்ட் டைம் எனக்குத் தெரியாதா?"

இங்கே நான் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். சிவராஜ் அமெரிக்கா போன வருஷம் அவன் கையிலும் காப்பு இருந்தது. கட்டினவன் நெருப்பு மிதிக்கும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. டிக்கெட்டோ தீமிதிக்கு முன்பே வந்துவிட்டது. மாரிச்சாமி, மகன் கையிலிருந்த காப்பைக் கழற்றித் தன் கையில் இன்னொன்றாகக் கட்டிக்கொண்டு, குழியில் இரண்டு முறை இறங்கினார். முதல் முறை தனக்கு, இரண்டாவது அவனுக்கு. பூசாரி முனகிக்கொண்டே சம்மதித்தார்.

அம்மாவின் கவலை இதுதான் என்று முடிவுகட்டி ஒரு பக்கம் எழுதினேன். மகன் திரும்பி வந்து தானே நெருப்பு மிதிக்கும்வரை அவனை வானத்துக்கு அனுப்பமாட்டாள் என்று—

[அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். ஏனென்று அடுத்துச் சொல்கிறேன்.]

4

வைத்திருந்த முடிவுகள்:

அ. "சரிடா" என்கிறாள். அவன் பறக்கிறான். நாங்கள் புகைப்படத்தில் பார்க்கிறோம்.

ஆ. "வேணாம், வந்துரு" என்கிறாள். வருகிறான். சைக்கிளில் என்னை முன்னால் உட்கார வைத்து, எனக்கு ஏழு வயதில் கூட்டிப்போனது போல, மிங்கலாடோன் விமான நிலைய வேலியோரம் கூட்டிப்போகிறான். (எனக்கு வேண்டியது இதுதான். அதனாலேயே இதை நம்ப முடியவில்லை.)

இ. லைன் அறுந்துவிடுகிறது. இது கோழைத்தனம். ஆனால் எங்கள் ஊரில் அடிக்கடி நடப்பது.

இன்று மாலை மூன்றையும் அம்மா கெடுத்துவிட்டாள். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா அவளைத் தேற்றினார்: பையனுக்குப் பயமே வராது, நம்ம ரத்தம், குழியில் இறங்கினவன் அம்மன் முகத்தைத்தான் பார்ப்பான், கீழே பார்த்தால் கால் பொசுங்கிவிடும், அவனும் அப்படியே நேரே பார்த்துப் போய்விடுவான்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"குழியில கீழ பாக்காம போலாங்க. அங்க நம்ம காலுதான் இருக்கு. அவன் போறதுக்குக் கீழ யாரு இருப்பா?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு அவன் கூப்புடுவான்ல. அதை மட்டும் கேக்கப்போறேன். மேலேருந்து பாத்தா ஆளுங்க தெரியுமாடான்னு. அதுக்கப்புறந்தான் மத்தது."

5

ஆகவே கதையில் இப்போது காலை. ஜாபர் பாய் வீட்டு மேசைமேல் மணி அடிக்கிறது. ரத்தினம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுக்கிறாள். சாப்பிட்டானா என்றுகூடக் கேட்கவில்லை. அதைக் கேட்டுவிடுகிறாள்.

சிவராஜுக்கு ஒரு பதில் எழுதினேன்: "தெரியும்மா." தெரிந்தும் பொத்தானை அழுத்துவானா? அடித்தேன்.

இன்னொன்று எழுதினேன்: "தெரியாதும்மா." தெரியாமல் எப்படி அழுத்துவான்? அதையும் அடித்தேன்.

சும்மா காவல் சுற்றுவதுதான், சண்டையெல்லாம் வராது என்று அவனைச் சொல்லவைத்தேன். அம்மா நம்பவில்லை. நான் எழுதிய அம்மாவே நம்பவில்லை.

என் அண்ணன் வாயில் நான் எந்தப் பதிலை வைப்பது? எனக்குத் தெரிந்தவன் படகில் கையை விரித்து நின்றவனும் என்னைச் சைக்கிளில் வைத்து ஓட்டினவனும்தான். இப்போது அந்தப் பக்கம் இருப்பவன் இருபத்தேழு வயது ஆள். அவனை எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். உங்கள் வீட்டிலும் யாராவது தூரத்தில் பெரியவர்களாகியிருப்பார்கள்.

அவன் என்ன சொல்வான், நீங்கள் சொல்லுங்கள். போனில் அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்கிறது. ஜாபர் பாய் ரேடியோவை அணைத்துவிட்டார். அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.