ஷைஜு தூசி தட்டின கம்ப்யூட்டர்

செசிலிக்குப் பிடரி கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. விடியக்கருக்கலில் குளச்சலில் ஏலம் எடுத்த சாளை மீனை அலுமினியச் சருவத்தோடு தலையில் ஏற்றி, நெய்யூர் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கி விற்றுவிட்டு மதியம்தான் திரும்பியிருந்தாள். இருபத்திரண்டு வருஷத்து வலி. தைலம் தேய்த்தால் தைலம் தீரும், வலி தீராது. சருவத்தை வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தவள், மகள் லிஜா கம்ப்யூட்டர் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

“என்னட்டி, இப்பமும் இழுக்குதா?”

“இழுக்கக்கூட இல்லம்மா. செத்தே கெடக்கு.”

நர்சிங் முடித்த லிஜாவுக்கு ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரி வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. இடையில் கிடந்தது ஒரே ஒரு மொழித் தேர்வு. நாளைக் காலை பத்து மணிக்கு. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் போனில் ஆகாது. தேர்வு நடத்துகிறவர்கள் ஒரு புரோகிராமை அனுப்பியிருந்தார்கள். அது முதலில் கம்ப்யூட்டரைச் சோதிக்கும். மெமரியில் பாதியாவது காலியாக இல்லையென்றால் கதவைத் திறக்காது. லிஜா காலையிலிருந்து ஏழு தடவை தட்டிவிட்டாள். ஏழு தடவையும் சிவப்பு எழுத்து. இதை விட்டால் அடுத்த தேதி நாலு மாசம் கழித்து. அதுவரைக்கும் அந்த ஆஸ்பத்திரிக்காரன் இவளுக்காகப் பாய் விரித்துக் காத்திருக்கப்போவதில்லை.

“ஷைஜுவ விளிச்சியா?”

“மூணு மணிக்கு வருவானாம். உறங்கி எழும்பணும்லா தொரைக்கு.”

ஷைஜு செசிலியின் நாத்தனார் மகன். துபாயில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் மூன்று வருஷம் அட்டைப்பெட்டி சுமந்தான். ஊருக்குத் திரும்பியதும் ‘சிஸ்டம் இன்ஜினியர்’ என்று கார்டு அடித்துக்கொண்டான். சுமை தூக்கியவன் என்று சொல்லியிருந்தால் செசிலி ஒரு மரியாதை வைத்திருப்பாள். அவள் பிடரி அறியாத சுமையா? தூக்கியதை மறைக்கிறவனைக் கண்டால்தான் அவளுக்கு ஆகாது.

மூன்றரைக்கு வந்தான். சென்ட் வாசனை முதலில் வந்தது, பிறகு அவன். நாற்காலியில் சாய்ந்து, மவுஸை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“உப்புக்காத்து, மாமி. கடக்கரையில கம்ப்யூட்டர் இவ்வளவு நாள் நிண்ணதே பெரிய காரியம்.”

“எங்க வீட்டு டிவிக்கு அடிக்காத காத்து இதுக்கு மட்டும் அடிக்குமா?”

“அது வேற, இது வேற. போன மாசம் நானே தொறந்து ஊதிக் கிளீன் பண்ணித் தந்தேன். இனி ஒண்ணும் செய்ய ஏலாது. எனக்க கையில ஒரு செட் இருக்கு, பதினெட்டாயிரம். உங்களுக்குன்னா பதினாறு.”

“ஊதித் தந்ததுக்குப் பொறவுதான் இப்படி ஆச்சு” என்றாள் லிஜா.

“அது உனக்குப் படபடன்னு பத்துப் பக்கத்தத் தொறந்து போடுகது பழக்கம். பொம்பளப் பிள்ளையளுக்கு அடைக்கத் தெரியாது.” சொல்லிக்கொண்டே வேகம் கூட்டுகிற புரோகிராம் என்று எதையோ ஏற்றினான். “இனி பறக்கும், பாரு.” செசிலி வைத்த பொரித்த சாளை ஐந்தைத் தின்று, ஏப்பம் விட்டுப் போனான். பணம் வாங்கவில்லை. சொந்தத்தில் பணம் வாங்கமாட்டான். அதை மட்டும் ஊர் முழுக்கச் சொல்லுவான்.

பறக்கவில்லை. முன்பு தொண்ணூறு சதவீதம் நிறைந்திருந்த மெமரி இப்போது தொண்ணூற்றாறைக் காட்டியது.

லிஜா பல்லைக் கடித்துக்கொண்டு தானே இறங்கினாள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எது எவ்வளவு தின்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதலில் ஷைஜு இப்போது ஏற்றியதைக் கழற்றினாள். அவன் போன மாசம் போட்ட ஆன்டிவைரஸ் ஒன்று, ஏற்கெனவே இருந்த ஆன்டிவைரஸோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடந்தது, அதையும் தூக்கினாள். கம்ப்யூட்டர் எழும்பும்போதே கூட எழும்புகிற எட்டுப் பத்து தண்டச்சோறுகளை நிறுத்தினாள். அணைத்துப் போட்டாள். அறுபத்தாறு. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று நின்றது. மறுபடியும் சிவப்பு எழுத்து.

தரையில் உட்கார்ந்து பிடரியைத் தேய்த்துக்கொண்டிருந்த செசிலிக்குச் சதவீதம் புரியாது. “ஒரு கூடையில கொள்ளுகது எவ்வளவு, அத முதல்ல சொல்லு” என்றாள்.

லிஜா திரையின் கீழ் மூலையைப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள்.

“நாலு ஜிபின்னு காட்டுகு. ரெண்டு இடம் உண்டாம், ஒண்ணுலதான் இருக்காம்.”

“நாம வாங்கும்ப எவ்வளவு?”

அலமாரியிலிருந்து நாகர்கோவில் கடை பில்லை எடுத்தாள். மெமரிக்கான ரேம், நாலும் நாலும் எட்டு என்று தெளிவாக இருந்தது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார்கள். ஒரு பச்சைப் பட்டை செருகியிருந்தது. பக்கத்திலிருந்த பள்ளம் வெறுமனே வாயைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே தூசி மட்டும் உண்மையாகவே இல்லை. அந்த வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருந்தான்.

இரண்டு தெரு தள்ளி ஷைஜு வீடு. செசிலி போனபோது அவன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“எனக்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு பட்டையப் பிடுங்குனியே, எங்கல வச்சிருக்க?”

“எந்தப் பட்ட, மாமி?”

“ரேமு. பில்லோட வந்திருக்கேன். உனக்க அம்மையையும் விளிக்கட்டா?”

அவன் துணியை உதறினான். குரல் இறங்கியது. “கெடக்கது ரெண்டு. ஒண்ணு போதும்னு நெனச்சேன். கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டர் கேடாயிக் கெடந்துது. ஃபாதர் எங்கிட்ட வந்து கேட்டாரு. அதுல போட்டேன்.”

“உனக்க பேருல.”

“கரமடி வல இழுத்தவனுக்கு ஒரு பிடி மீன் உண்டும்லா மாமி. நான் உங்ககிட்ட காசு வாங்கேல்லியே.”

“கரமடி இழுக்கவன் எல்லாரும் காண எடுப்பான். நீ சோத்தத் தின்னுட்டு நான் பாக்காத்தப்ப எடுத்த. அதுக்குப் பேரு வேற. நாளைக்குப் பிள்ளைக்குப் பரீட்ச. இப்பமே போயி களட்டித் தா.”

“ஃபாதர் பிஷப் ஹவுஸுக்குப் போயிருக்காரு. நாளைக்குக் காலத்த பூசைக்குத்தான் வருவாரு. சாவி அவருக்க கையில. பின்ன, கோயிலுக்குக் குடுத்தத திரும்ப வாங்குகது பாவம், மாமி.”

“நான் குடுக்கேல்லியே.”

அவன் மறுபடியும் பைக்கைத் துடைக்கத் தொடங்கினான். அவள் சொன்னாள்: “செரி. அவ அங்க இருந்து எழுதுவா. ஃபாதர்கிட்ட கேட்டு எடம் வாங்கித் தரவேண்டியது நீ.”

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கோயிலின் பங்கு ஆபீஸ் வாசலில் மூவரும் நின்றார்கள். இரண்டு மணி நேரத்துக்கு அறைக்குள் வேறு ஆள் வரக்கூடாது என்பதுதான் தேர்வுக்காரர்களின் நிபந்தனை. பாதிரியார் சாவியைத் திருப்பிக்கொண்டே, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்ன என்று கேட்டார்.

“வைரஸ், ஃபாதர்” என்றான் ஷைஜு. “நான்தான் இங்க வந்து எழுதச் சொன்னேன். நம்ம சிஸ்டம் இப்பம் நல்ல ஸ்பீடுல்லா.”

“நல்ல காரியம் ஷைஜு. உனக்கு நல்ல மனசு.”

செசிலி வாயைத் திறந்தால் இந்த வாசலிலேயே ஒரு விசாரணை நடக்கும். அவன் இல்லையென்பான், இவள் பில்லைக் காட்டுவாள், பாதிரியார் இருவரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசுவார். அதற்குள் மணி பத்தரை ஆகும். லிஜா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். செசிலி எச்சிலை விழுங்கினாள். அப்படிக் கசந்த எச்சிலை அவள் ஆயுளில் விழுங்கியதில்லை.

“உள்ள போ மக்கா” என்றாள்.

லிஜா போய் உட்கார்ந்தாள். சோதனைப் புரோகிராம் ஓடியது. பச்சை எழுத்து. கதவைச் சாத்தினாள்.

பாதிரியார் தன் பங்களாவுக்குள் போனார். ஷைஜு பைக் சாவியை விரலில் சுழற்றியபடி நின்றான். “காரியம் நடந்துதுல்லா, மாமி. பின்ன என்ன முகத்தத் தூக்கி வச்சிருக்கிய?”

அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கெட்ட மீனை விலை கேட்காமலே தள்ளிவைக்கிற பார்வை அது.

“காரியம் அவளுக்கு நடந்துது. உனக்க காரியம் முடியல்ல. வாங்கித் தருவியோ, பிடுங்கித் தருவியோ.”

“தரலாம் மாமி, தரலாம்” என்று பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

லிஜா தேர்வில் தேறினாள். மாசம் மூன்றாகிறது. ஷைஜு செசிலிக்கு நாலு ஜிபி ரேம் ஒன்று தர வேண்டும். இன்னும் தரவில்லை.