நேபோ மலைக் கும்பல்

நீதிமன்றத்துக்குள் சிரிக்கக் கூடாது என்று ஓசெல்லா ப்ரூவிட் தன் ஆட்களிடம் கார் நிறுத்துமிடத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அழலாம், மூக்கைச் சிந்தலாம், மனசுக்குள் ஜெபம் பண்ணலாம். சிரிப்பு மட்டும் ஆகாது. சிரித்தால் வெளியே தள்ளிவிடுவார்கள். தள்ளிவிட்டால் உள்ளே உட்கார்ந்திருக்கிற பையனுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது.

"நாங்க எதுக்குடி சிரிக்கப் போறோம்? எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு," என்றாள் லவோனியா.

"உன்னைத்தான் சொல்றேன். பிரசங்கத்து நடுவுல பாஸ்டரோட பல்செட் கழண்டு விழுந்தப்ப மொதல்ல சிரிச்சது யாரு?"

லவோனியா கைப்பையில் கைக்குட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

மொத்தம் எட்டுப் பேர். எட்டுப் பேரும் வெள்ளை உடுப்பு, வெள்ளைச் செருப்பு, வெள்ளைக் கையுறை. 'மரியாதையா உடுத்திட்டு வாங்க' என்று வக்கீல் சொல்லியிருந்தார். நேபோ மலை பாப்டிஸ்ட் சபையின் இடம் காட்டும் குழுவுக்கு இதைவிட மரியாதையான உடுப்பு எது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வருகிறவர்களை வாசலில் பார்த்து, காலி இடத்தில் உட்காரவைத்து, மயங்கி விழுகிறவர்களைத் தாங்கி, அழுகிற குழந்தையை வெளியே கொண்டுபோவதுவரை எல்லாம் இவர்கள் பொறுப்பு. அதுவும் வாயைத் திறக்காமல். ஆராதனை நடக்கும்போது இடம் காட்டுகிறவர்கள் பேசக் கூடாது. எல்லாம் கைஜாடைதான். ஓசெல்லா தலைவியாகிப் பதினான்கு வருஷம். பள்ளிப் பேருந்து ஓட்டுவது அவள் பிழைப்பு, இதுதான் அவள் உத்தியோகம்.

உள்ளே இருக்கிற பையன் அவள் மகன் குவின்டன். வயசு பதினாறு. பள்ளிக்கூடக் கால்பந்து ஆட்டத்தன்று, வறுத்த கெளுத்தி மீன் விற்கிற கடை வரிசையில், யார் முன்னால் புகுந்தது என்று ஒரு தள்ளுமுள்ளு. அந்த வெள்ளைக்காரப் பையனுக்கு மூக்கு உடைந்தது, இவனுக்கு உதடு கிழிந்தது. அவனை அப்பா வந்து கூட்டிப்போனார், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் வந்துவிட்டான். குவின்டனைப் போலீஸ் வந்து கூட்டிப்போனது. இன்றோடு நாற்பத்தொரு நாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, ஜார்ஜியாவில் அந்தப் பொன்குடம் உடைத்த மருமகள் எப்போதும் கறுப்புதான்.

சரி, பையன்கள் சண்டை, சிறார் நீதிமன்றத்தில் நாலு திட்டு திட்டி அனுப்புவார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அரசு வக்கீல் ஸ்ட்ரிக்லண்ட் அப்படி நினைக்கவில்லை. இது சாதாரணச் சண்டை இல்லை, குற்றக் கும்பலின் வேலை என்றார். கும்பல் என்று நீதிபதி ஒப்புக்கொண்டால் பெரியவர்கள் நீதிமன்றம், பெரியவர்கள் சிறை, பத்து வருஷமாவது. இல்லை என்றால் பையன் இன்றைக்கே வீட்டுக்கு. அதைத் தீர்மானிக்கத்தான் இன்றைய விசாரணை.

கும்பலுக்கு ஆதாரம் ஒரே ஒரு படம். ஈஸ்டர் அன்று சபையில், இடம் காட்டும் சின்னப் பிள்ளைகள் குழுவில் குவின்டன் கைஜாடை காட்டிக்கொண்டு நிற்கிற படம். எடுத்தது ஓசெல்லாதான். 'என் செல்லத்தைப் பாருங்கள்' என்று எழுதி ஊரெல்லாம் பார்க்கப் போட்டதும் அவள்தான். பெருமை பீற்றிக்கொண்ட அந்த விரலை நறுக்கிப் போடலாமா என்று நாற்பத்தொரு நாளாக அவளுக்கு ஆத்திரம்.

நீதிமன்ற அறை வாசலில் காவலுக்கு நின்றவன் வெர்னல் டேட். ஆறரை அடி, இடுப்பில் துப்பாக்கி. நேபோ மலை சபையில் வளர்ந்த பையன்தான். கல்யாணம் ஆனபிறகு பதினொரு வருஷமாகச் சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"பேசக் கூடாது, போன் கூடாது, கையை ஆட்டக் கூடாது," என்று ஓசெல்லாவின் தலைக்கு மேலே சுவரைப் பார்த்து ஒப்பித்தான். "உள்ளே போய் உட்காருங்க மேடம்."

"மேடமாம்! உனக்கு மூக்கு ஒழுகுனப்ப தொடச்சுவிட்டவளைப் பாத்து மேடமா? இருடா, உங்கம்மாகிட்டச் சொல்றேன்."

"சிஸ்டர் ஓசெல்லா, தயவுசெஞ்சு. டூட்டியில இருக்கேன்." அவன் காது சிவக்க முடிந்திருந்தால் சிவந்திருக்கும்.

உள்ளே அடுப்படி மாதிரி வெக்கை. ஏசி பழுது. குவின்டன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. பக்கத்தில் அவனுடைய வக்கீல் பெல்ஹாம் காஸ், எண்பது வழக்குக் கட்டுகளை மளிகைக்கடைப் பையில் போட்டுக்கொண்டு, சரியான கட்டைத் தேடிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். அரசாங்கம் கொடுத்த இலவச வக்கீல். நேரந்தான் இல்லை. எதிர்ப்பக்கப் பெஞ்சில் அந்த மூக்குடைந்த பையனின் அம்மா டார்லா, தனியாக, வெள்ளைக் காகிதம் மாதிரி முகத்தோடு.

துப்பறிவாளர் கூம்ப்ஸ் கூண்டில் ஏறினார். கும்பல் விவகாரங்களில் நிபுணர். எப்படி நிபுணர் என்றால், கடற்கரை ஓட்டலில் இரண்டு நாள் வகுப்பு, மதியச் சாப்பாட்டோடு, கடைசியில் சான்றிதழ்.

படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டார்கள்.

"இடது கை முதுகுக்குப் பின்னால். ஆயுதத்தை மறைக்கிற நிலை," என்றார் கூம்ப்ஸ்.

எட்டு வெள்ளை உடுப்புகளும் ஒருதரம் அசைந்தன. இடது கை பின்னால் இருந்தால் பணியில் நிற்கிறான் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

"வெள்ளைக் கையுறை. கைரேகை படாமல் இருக்க."

லவோனியா கைக்குட்டையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள்.

"நெஞ்சின் குறுக்கே மூன்று விரல். மூன்று பேரைக் குறிவைத்திருக்கிறார்கள் என்று எதிர்க் கும்பலுக்கு எச்சரிக்கை."

மூன்று இடம் காலி இருக்கிறது! பியானோவுக்குப் பக்கத்து வரிசையில்! அன்றைக்கு அட்லாண்டாவிலிருந்து வந்த லவோனியாவின் அக்கா குடும்பம்தான் அங்கே போய் உட்கார்ந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். லவோனியாவின் தோள் குலுங்கியது. ஓசெல்லா அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். ஆனால் அவளுக்கே தொண்டைவரை வந்துவிட்டது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

காஸ் எழுந்தார். "நீங்க எப்பவாவது கறுப்பர் சபைக்குள்ள போயிருக்கீங்களா சார்?"

"ஒரு அடக்க ஆராதனைக்குப் போனேன். மூணு மணி நேரமாச்சு. பாதியில வந்துட்டேன்."

"இது இடம் காட்டுறவங்க கைஜாடைன்னு இந்தப் பெண்கள் சொல்றாங்க."

ஸ்ட்ரிக்லண்ட் துள்ளி எழுந்தார். "நாற்பத்தொரு நாள் டயம் இருந்திருக்கு, கனம் நீதிபதி அவர்களே! எட்டுப் பேரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டு, ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். இதுவே ஒரு கும்பல் மாதிரி இல்லையா?"

நீதிபதி ஹார்கிரோவ் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ்டர் காஸ், அவர் சொல்றதிலயும் நியாயம் இருக்கு. பையனுக்குச் சொந்தபந்தம் இல்லாத, யாரும் சொல்லிக்கொடுக்காத சாட்சி யாராவது உண்டா?"

காஸ் மளிகைப் பைக்குள் பார்த்தார். அதற்குள் சாட்சி இல்லை. நீதிபதி பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். முடிந்தது போ, என்று நினைத்தாள் ஓசெல்லா. பத்து வருஷம். இருபத்தாறு வயசு ஆகிவிடும் பிள்ளைக்கு. கர்த்தாவே, என்னைப் பிடித்து உள்ளே போடு, அவனை விடு.

அப்போதுதான் எதிர்ப்பெஞ்சில் டார்லாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பதினான்கு வருஷப் பழக்கம் யோசித்துக்கொண்டா வரும்? ஓசெல்லா எழுந்துவிட்டாள். இடது கை தானாக முதுகுக்குப் போயிற்று. வலது உள்ளங்கை தோளுக்கு உயர்ந்து திறந்தது, பிறகு இரண்டு விரல் கீழே பார்த்தன: மயங்குகிறார், தண்ணீர். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பார்வை போனது பின்கதவுக்கு, ஏனென்றால் சபையில் எப்போதும் கதவில் நிற்கிறவன்தான் தண்ணீருக்குப் போக வேண்டும்.

கதவில் நின்றவன் வெர்னல்.

அந்த ஆறரை அடி உருவம் இடது கையை முதுகில் மடக்கியது. சத்தம் வராத நடை, சுவரை ஒட்டி. நீதிபதி மேஜைக்குப் பக்கத்தில் இருந்த கூஜாவை எடுத்தது, ஒரு டம்ளர் ஊற்றியது, நடுவழியாக வந்து டார்லாவின் வலப்பக்கம் முழங்காலிட்டு, ஒரு கையால் தலையைத் தாங்கி மறுகையால் தண்ணீர் கொடுத்தது. மயங்கினவருக்கு வலப்பக்கம்தான் போக வேண்டும், அதுதான் முறை. டார்லா கண்ணைத் திறந்தாள். வெர்னல் எழுந்து, வலது கையை நெஞ்சில் வைத்து ஓசெல்லாவைப் பார்த்தான். ஆயிற்று, சரியாகிவிட்டார் என்று அர்த்தம்.

பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"மிஸ்டர் டேட்," என்றார் நீதிபதி. "என் தண்ணியை எடுத்துட்டுப் போனீங்க."

"மன்னிக்கணும் மேடம்."

"யார் சொல்லி எடுத்தீங்க?"

"யாரும்... சிஸ்டர் ஓசெல்லா சொன்னாங்க மேடம்."

"அவங்க வாயையே திறக்கலையே."

"திறக்க மாட்டாங்க மேடம். கையிலதான் சொல்வாங்க."

நீதிபதி திரையைக் காட்டினார். "அது என்ன சொல்லுது?"

வெர்னல் முதன்முறையாகப் படத்தை நிமிர்ந்து பார்த்தான். "மூணு இடம் காலி இருக்கு மேடம். வலது பக்கம்."

"உங்களுக்கு இந்த வழக்கைப் பத்தி யாராவது சொல்லிக்கொடுத்தாங்களா?"

"இல்ல மேடம். இன்னிக்குக் காலையில என்னைத் திட்டத்தான் செஞ்சாங்க."

"அப்படின்னா நீங்களும் இந்தக் கும்பல்ல ஒருத்தரா?" நீதிபதியின் உதட்டோரம் லேசாக ஆடியது.

"ஆமா மேடம். ஒன்பது வயசுல சேர்ந்தேன். எங்கம்மா கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்ச் சேர்த்தாங்க."

அவ்வளவுதான், லவோனியா வெடித்துவிட்டாள். அவளை யாரும் வெளியே தள்ளவில்லை.

ஐந்தே நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. கும்பல் என்பதற்கு ஒரு துளி ஆதாரம் இல்லை. வழக்கு சிறார் நீதிமன்றத்துக்கு. பையன் தாயோடு வீட்டுக்குப் போகலாம். "நல்ல எண்ணத்தில் நேர்ந்த தவறு," என்று ஸ்ட்ரிக்லண்ட் கோட்டைச் சரிசெய்தார். நாற்பத்தொரு நாள் அவர் பிள்ளை உள்ளே இருந்திருந்தால் என்ன எண்ணம் என்று பார்த்திருக்கலாம். கூம்ப்ஸ் குனிந்து தன் போனில் என்னவோ தட்டிக்கொண்டே வெளியேறினார்.

கீழ்த்தளத்தில் ஷெரிஃப் அலுவலகத்து ஜன்னலில் விடுதலைக் காகிதம் வாங்க வேண்டும். ஓசெல்லா ஒரு கையால் குவின்டனின் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். விட்டால் காற்றில் போய்விடுவான் என்கிற மாதிரி.

"அம்மா, சட்டை கிழிஞ்சிரும்மா."

"கிழியட்டும்டா. வேற வாங்கித் தர்றேன்."

அவனுடைய செருப்பையும் பெல்ட்டையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வெர்னல் மற்ற ஏழு பெண்களோடு பின்னாலேயே வந்தான். ஜன்னலில் இருந்த சின்னப் பெண் காகிதத்தை நீட்டினாள்.

"இன்னொண்ணு இருக்கும்மா," என்றாள் ஓசெல்லா. "அந்தத் துப்பறிவாளர் ஃபைல்ல, சபையில இடம் காட்டுற எங்க பிள்ளைங்க படத்தை வரிசையா நம்பர் போட்டு வச்சிருக்காரு. கும்பல் பட்டியலாம். வக்கீல் காட்டினாரு, நான் கண்ணால பாத்தேன். பதினொரு பிள்ளைங்க. சின்னவளுக்கு ஒன்பது வயசு. நீதிபதி கும்பல் இல்லைன்னுட்டாங்க. அந்தப் பேரையெல்லாம் எடுத்துடு."

பெண் கணினியில் தேடினாள். இழுப்பறையில் தேடினாள். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். "பேரைச் சேர்க்கறதுக்குப் படிவம் இருக்கு மேடம். எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்லையாம்."

"பதினொரு பிள்ளைங்கம்மா!"

"பதினொண்ணு இல்லையே, பன்னெண்டு காட்டுது." அவள் திரையை உற்றுப் பார்த்தாள். "கடைசிப் பேரு இப்பத்தான் ஏறியிருக்கு, பத்து நிமிஷம் முன்னாடி. டேட், வெர்னல். 'திறந்த நீதிமன்றத்தில் தானே ஒப்புக்கொண்டார்'னு போட்டிருக்கு."

முதலில் சிரித்தது வெர்னல்தான். சுவரில் சாய்ந்து, துப்பாக்கி குலுங்கக் குலுங்கச் சிரித்தான். எட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். குவின்டன்கூடச் சிரித்தான். பிறகு வெர்னல் மெல்ல நிறுத்தினான்.

"என் பையனுக்கு ஏழு வயசு, சிஸ்டர். இப்ப மாடிப்படி இறங்கறப்பத்தான் நெனச்சேன், இந்த ஞாயித்துக்கிழமை அவனைச் சபைக்குக் கூட்டிட்டு வரலாம்னு. உங்க சின்னப் பிள்ளைங்க குழுவுல சேர்த்துவிடலாம்னு. அப்புறம் அவன் பேரும் இதுல ஏறிடுமே?"

ஓசெல்லா மகன் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"கூட்டிட்டு வா," என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, சேர்க்கிற படிவம் இருக்குன்னியே. அதுல எட்டு குடு."

"எதுக்கு மேடம்?"

"பதினொரு பிள்ளைங்களைத் தனியா விட்டா நல்லாயிருக்காது. பெரியவங்க கூட இருக்கணும். எங்க எட்டுப் பேரையும் சேர்த்துக்கோ. தலைவின்னு ஏதாவது கட்டம் இருக்கா அதுல?"

பெண் திருதிருவென்று விழித்தாள். வெர்னலைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள். கடைசியில் எட்டுப் படிவத்தை எண்ணி ஜன்னல் வழியாகத் தள்ளினாள். ஓசெல்லா மகன் சட்டையை விடாமலே மறுகையால் பேனாவை வாங்கி, முதல் கட்டத்தில் தன் முழுப்பெயரை எழுத ஆரம்பித்தாள்.