யாருடைய இடது

பாதிச் சுற்றில் ஸ்பேனர் முட்டி நின்றது. டாக்டரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு எஞ்சின் மேல் குனிந்தபடியே நின்றாள். இருபத்தேழு வருஷமாக ஊரார் வாய்க்குள் கையை விட்டுக் கற்ற ஒரே ஞானம் இதுதான்: முட்டினால் நிறுத்து, பலத்தைக் காட்டாதே. பல்லில் பலத்தைக் காட்டினால் வேர் முறியும். இங்கே காட்டினால் வால்வு வளையும். இந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் டைமிங் பெல்ட் தப்பாக உட்கார்ந்தால் மேலேயிருந்து வரும் வால்வும் கீழேயிருந்து வரும் பிஸ்டனும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்து மோதிக்கொள்ளும். அப்புறம் எஞ்சினைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும். நல்லவேளை, சாவி போட்டுக் கிளப்பாமல் கையால் சுற்றிப் பார்த்தாள். ஸ்பேனரை மெல்லப் பின்னுக்குத் தளர்த்தி எடுத்துவிட்டு ஷெட் தரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

வேலையை ஆரம்பித்தது அவள் இல்லை, வீட்டுக்காரர். மின்சார அலுவலகத்தில் முப்பது வருஷம் ஸ்விட்ச் பலகைகளுக்கு எதிரே நின்ற பொறியாளர். ஓய்வு பெற்று ஆறு மாதமாகிறது. பழைய பெல்ட்டைக் கழற்றினார். பெல்ட் ஓடுகிற இரண்டு பல்சக்கரங்களையும் கழற்றி, பின்னால் எண்ணெய் கசிந்த சீல்களை மாற்றினார். சக்கரங்கள் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, ஆனால் குறிக்கோடுகள் வேறு வேறு இடத்தில் இருப்பதால் இடம் மாறக் கூடாது. அதனால் வெள்ளைப் பெயிண்டால் ஒன்றில் ‘இ’, இன்னொன்றில் ‘வ’ என்று எழுதித் துணியில் சுற்றி வைத்தார். மறுநாள் காலை ஆறு சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவருடைய அக்கா வீட்டுக்குப் போனார். இன்றோடு பதினெட்டு நாள்.

சண்டையா என்றால் சண்டை இல்லை. அன்று காலை காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, “எங்க திரும்பினாலும் நீங்கதான் நிக்கறீங்க” என்று அவள் சொன்னது வாஸ்தவம். ஆனால் அவர் அதற்குச் சிரித்தாரே! வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “வரேன்” என்றார். அதில்தான் வந்தது வினை. கிளம்புகிறவன் எவன் ‘போறேன்’ என்று சொல்கிறான்? பல்லைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பத்து வருஷமாகத் திரும்பிப் பார்க்காத ஆள்கூட, “வரேன் டாக்டர்” என்று கும்பிட்டுவிட்டுத்தான் போனான். அந்த வரேனா, நிஜமாகவே வருகிற வரேனா? தினமும் போனில் பேசினார்கள். தண்ணீர் மோட்டார், பக்கத்து வீட்டு நாய், அக்காவின் முழங்கால் வலி எல்லாம் பேசினார்கள். கேட்க வேண்டியதை மட்டும் அவளுக்குக் கேட்க வரவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்?

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை ஆழம் தெரியாமல் காலை விட்டாள். வண்டியைத் தானே சரி பண்ணி, தானே ஓட்டிக்கொண்டு போய், நாத்தனார் வாசலில் நிறுத்தி, முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட வேண்டும். வண்டியில் இரண்டே இருக்கைகள். ஒன்றில் அவள் போனால் இன்னொன்று காலியாக இருக்கும். வருகிறவர் ஏறி உட்காரலாம்.

இப்போது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ‘இ’ என்றால் இடது, சரி. யாருடைய இடது? அவள் தொழிலில் இடது என்றால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் இடது. எதிரே நிற்கும் டாக்டருக்கு அது வலது கைப்பக்கம். அவர் அப்படி இல்லை, தன் கண்ணுக்கு எது இடதோ அதுதான் இடது. “இடது கன்னத்துல பருக்கை ஒட்டியிருக்கு” என்பார். இவள் இடது கன்னத்தைத் துடைப்பாள். பருக்கை வலது கன்னத்தில் சௌக்கியமாக இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்து. அவர் புத்தி தெரிந்ததால்தான் பம்பருக்கு முன்னால் நின்று, தன் இடது கைப்பக்கம் ‘இ’ சக்கரத்தை மாட்டினாள். அதுதான் முட்டியது.

மாற்றி மாட்டிப் பார்த்திருக்கலாம். அதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ஆனாலும் கிரீஸ் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு போனை எடுத்தாள்.

“என்ன டாக்டரம்மா, இன்னிக்கு லீவா?” என்றார் அவர்.

“சக்கரத்துல இடதுன்னு எழுதியிருக்கீங்களே, யாரோட இடது?”

அந்தப் பக்கம் அவர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

“நீயா மாட்டறே?”

“ஆமா. முட்டுது.”

“உன்னோட இடதுதான்.”

“என்னோடதுன்னா?”

“நீ சொல்ற மாதிரி. வண்டியை உன் நாற்காலியில உக்கார வெச்சதா நெனச்சுக்கோ. அதோட இடது.”

“எப்பவும் உங்க பக்கமாத்தானே சொல்லுவீங்க?”

“நீ படிச்சா குழம்பக் கூடாதேன்னுதான்.”

முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட அவள் பக்கத்து இடதைச் சொல்லாத மனுஷன், இங்கே பார்த்துப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே பயமும் வந்தது. எழுதியது போவதற்கு முந்தின நாள். காப்பிப் பேச்சு அதற்கு மறுநாள். அப்படியென்றால் தான் இருக்கப்போவதில்லை, அந்தச் சக்கரத்தை அவள்தான் மாட்டப்போகிறாள் என்று முந்தின நாளே அவருக்குத் தெரியுமா? இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து மாட்டலாம் என்று நினைத்தாரா?

“என்னங்க, அதை எழுதும்போது...” என்று ஆரம்பித்தாள்.

“பெல்ட்டை இழுத்துப் பிடிக்கற உருளையை நல்லா இறுக்கு. கையால ரெண்டு முழுச் சுத்து சுத்திப் பாரு. அவசரப்படாத, என்ன?” என்றார். பிறகு, “சரி... வரேன்” என்றார். போன் அடங்கிவிட்டது.

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரில் கிளம்பும்போதுதான் ‘வரேன்’ என்பார்கள். போனில் எல்லாரும் ‘வெச்சுடறேன்’ என்றுதானே சொல்வார்கள்? இந்தப் பதினெட்டு நாளும் அவரும் அப்படித்தான் சொன்னார். வாய் தவறிவிட்டதா? திரும்பக் கூப்பிட்டுக் கேட்டால் சிரிப்பாரோ என்று கூச்சமாக இருந்தது.

சக்கரங்களை மாற்றி மாட்டினாள். பெல்ட்டைப் பல்லுக்குப் பல் உட்கார வைத்து உருளையை இறுக்கினாள். ஸ்பேனரைப் போட்டுச் சுற்றினாள். பாதிச் சுற்று தாண்டியது. ஒரு சுற்று. இரண்டு. எங்கேயும் முட்டவில்லை, சக்கரங்களின் குறிக்கோடுகள் நேருக்கு நேராக வந்து நின்றன. “அடி சக்கை!” என்று யாருமில்லாத ஷெட்டில் உரக்கவே சொன்னாள். மூடிகளை மாட்டி, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் மதியம் தாண்டிவிட்டது.

ஷெட் கதவை அகலத் திறந்துவிட்டு உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி ஒருமுறை இருமி, கிளம்பி, பிசிறில்லாமல் ஓடியது. நாத்தனார் வீடு ஒன்றரை மணி நேர வழி. கியரைப் போடப் போனபோதுதான் அது உறைத்தது. அவர் நிஜமாகவே வருவதாக இருந்தால், இந்நேரம் பஸ் ஏறியிருப்பார். இவள் போனால் நடுவழியில் ஒருவரையொருவர் தாண்டிப் போய்விடுவார்கள். வராவிட்டால், இங்கே காத்திருந்து என்ன பிரயோஜனம்?

பக்கத்து இருக்கையில் சுருண்டு கிடந்த பழைய பெல்ட்டை எடுத்து வெளியே போட்டாள். இருக்கையில் ஒட்டியிருந்த கறுப்புத் தூளைத் தலைப்பால் தட்டினாள். முதல் கியர் விழுந்திருந்தது. க்ளட்ச்சை மிதித்துக்கொண்டிருந்த கால் வலிக்கத் தொடங்கியிருந்தது. திறந்த கதவுக்கு அப்பால் தெரு இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்தது.