வாசல் நிலை மட்டும் நின்ற ஞாயிறு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். புன்னைவிளையில் அது ஊரறிந்த விஷயம். 1931 தை மாதத்தில், ரோட்டை அகலப்படுத்த எங்கள் கிறிஸ்தவக் கோயிலை இடிக்கப் போவதாக மராமத்து ஓவர்சியர் வைகுண்டராஜன் வந்து சொன்னபோது, சபைக் கூட்டத்தில் முதலில் துள்ளி எழுந்தவனும் நான்தான்.

"இடிக்க விடமாட்டோம்! பிரிச்சுக் கொண்டுபோயி வேற இடத்தில கெட்டுவோம். சானலுக்கு அக்கரையில எனக்க விளை சும்மாதானே கெடக்கு, நான் தாறேன்!"

எல்லோரும் கை தட்டினார்கள். என் மனைவி ஞானபாய் மட்டும் தட்டவில்லை.

கோயிலுக்கு வயது நூறு இருக்கும். எங்கள் பூட்டன்மார் அயனி மரத் தடிகளைத் தலைச்சுமையாகச் சுமந்துவந்து கட்டியது. கல்லும் சுண்ணாம்பும் கிடையாது. பலகையோடு பலகை கோத்த மரச்சுவர்தான். ஓர் இரும்பு ஆணி இல்லை. வாசல் நிலை மட்டும் குள்ளம். குனியாமல் உள்ளே போனால் நெற்றியில் விழும். கர்த்தருடைய சந்நிதியில் தாழ்மை வேண்டும் என்று அப்படி வைத்தார்கள் என்பார் எங்கள் சபையில் ஆராதனை நடத்தும் உபதேசியார் ஞானையன். தடி பற்றவில்லை, அவ்வளவுதான் என்பார் கிருஷ்ணமணி ஆசாரி. அவர் இந்து; ஆனால் எங்கள் கோயில் மரத்தை அவரளவுக்கு அறிந்தவர் சபையில் யாருமில்லை.

ஞாயிறு சாயங்காலத்துக்குள் ரோட்டில் ஒரு குச்சிகூட நிற்கக் கூடாது என்று ஓவர்சியர் தவணை சொன்னார். ஒரே வாரம்.

எனக்கு அதே சமயத்தில் வேறொரு காரியமும் இருந்தது. அந்த ஞாயிறு கழிந்து வரும் புதன்கிழமை என் மகள் ஜெபகனிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சுந்தரராஜ் இலங்கையில் தேயிலைத் தோட்டத்துக் கம்பவுண்டர். கல்யாணம் முடிந்த சனிக்கிழமையே அவன் தூத்துக்குடியில் கப்பலேற வேண்டும். விட்டால் அடுத்த லீவு மூன்று வருஷம் கழித்துத்தான். எங்கள் முறைப்படி, பெண்ணின் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை உண்டா என்று சபையைக் கேட்க வேண்டும். இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று.

திங்களன்று பிரிக்கத் தொடங்கினோம். ஆசாரி ஒவ்வொரு பலகையிலும் உளியால் அடையாளம் வெட்டினார். பெண்கள் ஓடுகளைத் தலையில் சுமந்து சானல் கால்வாயைக் கடந்தார்கள். ஆண்கள் ஓர் உத்திரத்துக்கு எட்டுப் பேர் தோள் கொடுத்தோம். அதில் ஐந்து பேர் யோசனை சொல்லவே வந்திருந்தார்கள். சனி மத்தியானம் வாசல் நிலை மட்டும் பாக்கி. நான் கடப்பாரையோடு போனேன். ஆசாரி மறித்தார்.

"தங்கையன், அதில கை வைக்காதேயும். கெட்டும்ப முதல்ல வைக்கது நிலை. பிரிக்கும்ப கடைசியிலயாக்கும் எடுக்கணும். அதுக்கு நேரம் பார்க்கணும். திங்கக்கிழமை காலம்பற எடுக்கலாம்."

"நாளையோட தவணை முடியுது. இது வேதக்கோயிலாக்கும் ஆசாரியாரே. எங்களுக்கு நல்ல நேரம், கெட்ட நேரம் ஒண்ணும் கெடையாது."

"உமக்குக் கெடையாது. உளி பிடிக்கது நானாக்கும்."

என்னால் பேசி ஜெயிக்க முடியாத ஒரே மனிதர் அவர். கடப்பாரையைக் கீழே போட்டேன்.

சாயங்காலம் அக்கரையிலிருந்து செல்வதாஸ் போதகர் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சானலுக்கு அந்தப் பக்கம் ஒக்க எனக்க சேகரமாக்கும். இனி நீங்க எனக்க சபை. ரொம்ப சந்தோஷம்."

சேகரம் என்றால் ஒரு போதகரின் ஆளுகைப் பகுதி; அதற்கு எல்லை சானல்தான் என்பது எங்கள் சபையில் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவருக்குக்கூட நினைவு வரவில்லை. நான் மெல்லக் கேட்டேன்.

"ஐயா, நாளைக்கு மூணாவது ஓலை?"

"எனக்க சேகரத்துக்கு வந்த பெறகு எனக்க புஸ்தகத்தில எழுதி, முதல்ல இருந்து மூணு ஞாயிறு வாசிக்கணும். அதாக்கும் சட்டம்."

ஞானபாய் என்னைப் பார்த்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"பெத்த மகளுக்க கல்யாணத்துக்குக் குறுக்க கோயிலைத் தூக்கி வச்ச மனுசன் உலகத்தில நீங்க ஒருத்தர்தான்."

ஜெபகனி அழுதுகொண்டிருந்தாள், அழுகையோடுதான் போதகரிடம் கேட்டாள்.

"ஐயா, வாசல் இன்னும் இக்கரையிலதானே நிக்குது? வாசல் வராம கோயில் எப்படி வந்து சேரும்?"

போதகர் திரும்பி நிலையைப் பார்த்தார். வெகுநேரம் தாடியைத் தடவினார்.

"செரி மக்கா. நாளைக்கு அது இக்கரைக் கோயில்தான். ஆனா ஆராதனை கோயிலில நடக்கது போல நடக்கணும். ரோட்டில கூட்டம் கூடி வாசிச்சா செல்லாது."

மறுநாள் காலை, வெட்ட வெளியில் அந்த நிலை தனியாக நின்றது. இடமும் வலமும் தாராளமாக வழி இருந்தும் ஒருவர் விடாமல் வாசல் வழியாகவே குனிந்து நுழைந்தோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், மண்ணில் பாய் விரித்து உட்கார்ந்தோம். நான் வழக்கம்போல் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஜன்னல்தான் இல்லை.

உபதேசியார் ஓலையைக் கையில் எடுக்கும் நேரத்தில் ஓவர்சியர் சைக்கிளில் வந்து இறங்கினார். நிலையைப் பார்த்தார். முகம் சிவந்தது. வலப்பக்கமாக நேரே எங்களை நோக்கி நடந்தார்.

"நில்லும் வோய்!" ஞானபாயின் குரல் சானலுக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். "வாசல் இருக்க, சுவரு வழியா வாறீரு?"

ஓவர்சியர் தன் காலடியைப் பார்த்தார். பின்னால் நகர்ந்தார். சுற்றிப் போய், செருப்பைக் கழற்றி வைத்து, வாசலில் நுழைந்தார். குனியவில்லை. 'டங்' என்று ஒரு சத்தம். நெற்றியைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பாயில் உட்கார்ந்தார்.

உபதேசியார் வாசித்தார். "தடை ஏதும் உண்டானால் இப்போதே தெரிவிக்கக் கடவீர்கள்."

ஓவர்சியர் எழுந்தார்.

"இந்த நிலை ரோட்டில நிக்குது. இண்ணைக்கு சாயங்காலத்தோட தவணை முடியுது."

"கல்யாணத்துக்குத் தடை உண்டுமா, அதைச் சொல்லும்," என்றார் உபதேசியார்.

ஓவர்சியர் பெண்கள் பக்கம் பார்த்தார். ஜெபகனி தலை குனிந்திருந்தாள். மெதுவாக நெற்றியைத் தடவினார்.

"கல்யாணத்துக்கு எனக்கென்ன தடை? நடக்கட்டும். நிலையை நாளைக்குப் பத்து மணிக்குள்ள எடுத்திருங்க."

"எட்டரைக்கு நேரம் நல்லாருக்கு," என்றார் வெளியே நின்ற ஆசாரி.

வாசித்து முடித்ததாக உபதேசியார் எழுதித் தந்தார், போதகர் ஏற்றுக்கொண்டார். புதன்கிழமை அக்கரையில், கூரை இல்லாமல், நாலு தூணும் அதே நிலையும் மட்டும் நிற்கக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை புதிதல்லவா, வெளியே வரும்போது நன்றாக இடித்துக்கொண்டான். ஜெபகனி ஊர் பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல், அவன் தலையைத் தன் பக்கம் இழுத்து உள்ளங்கையால் தேய்த்துவிட்டாள்.

சனிக்கிழமை அவள் அவனோடு கப்பலேறிவிடுவாள் என்ற கவலையில்தான் அதுவரை இருந்தேன். அதைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. மறைக்க அவசரமாக வெளியே வந்தேன். ஐம்பது வருஷமாகக் குனிந்து பழகிய வாசலில் நானும் இடித்துக்கொண்டேன்.

ஞானபாய் என் நெற்றியைப் பார்த்தாள். தேய்த்துவிடவில்லை.

"உங்களுக்கு இது வேணும்," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.