மஜீட் சொல்ல வேண்டிய பெயர்

1.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒட்டுக்கேட்டது. அங்கே யாரோ ஒரு கணவர் ஒரு சொல்லுக்குத் திணறினார். மனைவி பொறுக்காமல் எடுத்துக் கொடுத்தாள். "சொல்லிக் குடுக்காதேங்கோ, அவரே தேடி எடுக்கட்டும்," என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண். கதை எழுதும் எனக்குச் சுருக்கென்றது. சொல் எடுத்துக் கொடுப்பதுதானே என் பிழைப்பு. மற்றதெல்லாம் கற்பனை.

2.

வெள்ளவத்தைக் கடலில் அந்திச் சூரியன்...

(கடல் வேண்டாம். ஆளுக்கு வருவோம்.)

வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருந்த மஜீடுக்குப் பக்கவாதம் வந்து பேச்சுப் போனது. அஃபேசியா என்கிறார்கள். மற்றவர் கதைப்பது விளங்கும். தன் சொல்தான் வராது, வந்தாலும் சிலவேளை பக்கத்துச் சொல் வந்து நிற்கும். இப்போது மகள் நஸ்லாவுக்கு நிக்காஹ். 'என் மகள் நஸ்லாவை உமக்கு மணமுடித்துத் தந்தேன்' என்று வாப்பா மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும்.

தம்பி ராசிக் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டான்: "நானா, ஒங்களுக்குப் பதிலா நான் சொல்லவா? மார்க்கத்தில அதுக்கு எடம் ஈக்கிதானே."

மஜீட் மேசையில் ஓங்கி அடித்தார்.

3.

சாம்பவி (பயிற்சிப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர்) அந்த ஒரே வாக்கியத்தைத் துண்டு துண்டாக்கி, இடது கையால் தாளம் தட்டித் தட்டிச் சொல்ல வைத்தாள். வீட்டிலும் அதே வேலை. ஒருநாள் மஜீட் தெளிவாக, பெருமையாகத் தொடங்கினார்:

"என்ட மகள் றஸ்மியாவ—"

றஸ்மியா அவர் மனைவி.

"அல்லாஹ்வே, என்னயா கட்டிக் குடுக்கப் போறீங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதாள். பிழை விட்டது மஜீடுக்கும் விளங்கியது. அதுதான் கொடுமை.*

* இப்படிப் பழகிய வாக்கியம் மனதில் தங்கும் என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். சபை நடுவில், பதற்றத்திலும் தங்குமா? தேடித் தேடி வாசித்தேன். எனக்குத் தைரியம் தரும் ஒரு வரி கிடைக்கவில்லை.

4.

ஒரு முடிவு: பிசகாமல் சொல்கிறார், எல்லோரும் கண் கலங்குகிறார்கள். (கோடு போட்டு அடித்துவிட்டேன். அது நான் எடுத்துக் கொடுத்தது.)

இன்னொன்று: ராசிக் சொல்கிறான். மஜீட் தலையைக் குனிந்து... இல்லை. இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

5.

நிக்காஹ் நாள். அவர்கள் வீட்டு ஹோல். மஜீடின் தளர்ந்த வலக்கையை மாப்பிள்ளை நுஸ்கி பிடித்திருக்கிறான். இடக்கை முழங்காலில் தட்டுகிறது.

"என்ட... மகள்..."

நின்றுவிட்டார்.

ராசிக் தொண்டையைச் செருமுகிறான். கதவுத் திரைக்குப் பின்னால் றஸ்மியா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொள்கிறாள். என் பேனாவில் பெயர் தயாராக நிற்கிறது. பயமாக இருக்கிறது.

உங்களுக்கும் அந்தப் பெயர் தெரியும். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அவர் தேடிக்கொண்டிருக்கிறார்.