தொண்ணூற்றாறு படங்களும் ஒரு வரிக் கட்டளையும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது அல்ல, என் அண்ணியுடையது. அவள் எனக்கு இதைச் சொன்னாள் என்பதுகூடச் சரியில்லை. என் தலையில் கொட்டினாள். நான் துணி பிழிந்துகொண்டிருந்தேன். வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றவில்லை, தோளில் இருந்த பையை இறக்கவில்லை.

"ஒரே வரி! ஒரே ஒரு வரிதான் டைப் பண்ணேன்! படம் படமா வந்து விழுது!"

"எங்க விழுது அண்ணி?"

"முதல்ல அந்தப் பாவாடைய கீழ வைடீ. உக்காரு. எழுத்தாளினு சொல்லிக்கிறல்ல, இத எழுது."

உட்கார்ந்தேன். எழுதவும் தொடங்கினேன்.

"கணிதம் என்பது

(நிறுத்திவிட்டேன். 'என்பது' என்று தொடங்குகிற கதையை நானே படிக்கமாட்டேன்.)

"அன்று காலை பதினொரு மணிக்கு அவளுடைய வாழ்க்கையே

(இதுவும் வேண்டாம். பதினொரு மணிக்குப் பிரச்சினையானது வாழ்க்கை இல்லை, கோட்டின் தடிமன். அதிலிருந்தே போகலாம்.)

2

அண்ணி வேலை பார்ப்பது பார்வையற்ற மாணவர்களுக்கான பாடப் புத்தகமும் வினாத்தாளும் தயாரிக்கிற ஒரு சின்ன அச்சகத்தில். மாடியில் மொத்தமே மூன்று அறைகள். படங்களுக்கு அண்ணிதான் பொறுப்பு. கணக்கு வரைபடம் போடும் மென்பொருளில் சமன்பாட்டைக் கொடுத்து, வருகிற வளைகோட்டை, அதற்கு அடிப்படையான x, y அச்சுக்கோடுகளோடு படமாக வெளியே எடுத்து, பக்கத்து அறைக்கு அனுப்புவாள். அங்கே ஒரு தனி வகைத் தாளில் அது அச்சாகும். அந்தத் தாளைச் சூடு கொடுக்கும் எந்திரத்துக்குள் விட்டால், கருப்பு மை பட்ட இடம் மட்டும் பொங்கி மேடாகிவிடும். விரலால் தடவினால் கோடு கிடைக்கும்.

அதுவரை பொதுத்தேர்வில் இந்த மாணவர்களுக்கு வரைபடக் கேள்வியே கிடையாது. 'விலக்கு' என்று ஒரு சொல் போட்டு, மதிப்பெண்ணைச் சராசரி பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். கேட்பதற்குச் சலுகை மாதிரி இருக்கும். மேலே கணிதம் படிக்கப் போகும்போதுதான் தெரியும், அது சலுகையா சங்கிலியா என்று. "நீ வரைபடமே படிக்கலையேம்மா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அச்சகத்துத் தலைவி இரண்டு வருடம் எழுதி, அலைந்து, சண்டை போட்டு, இந்த வருடம் முதல் தடவையாக வரைபடக் கேள்விகளுக்கு அனுமதி வாங்கியிருந்தாள். எல்லா வினாத்தாள்களுக்கும் சேர்த்துத் தொண்ணூற்றாறு படங்கள். ஒன்று குறைந்தாலும் பழையபடி விலக்கு என்ற நிபந்தனையோடு.

தேர்வு மறுநாள் காலை. தாள்களை ஏற்றிப் போக வண்டி நான்கு மணிக்கு. பழுதுபார்க்கப் போயிருந்த சூட்டு எந்திரம் அன்று காலையில்தான் திரும்பி வந்தது. அதனால் படங்களைத் தொட்டுப் பார்க்கவே அன்று பதினொரு மணிக்குத்தான் முடிந்தது.

தொட்டுப் பார்த்தவர் விரல்காரர். அச்சகத்தில் பிழைதிருத்துபவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. முதல் தாளைத் தடவினார். மறுபடி தடவினார்.

"இதுல எது அச்சுக்கோடு, எது வளைகோடு?"

"வளைஞ்சிருக்கிறது வளைகோடு."

"அது கண்ணுக்கு. என் விரலுக்கு எல்லாம் ஒரே தடிமன். போதாததுக்கு நடுவுல கட்டம் வேற போட்டு வெச்சிருக்கீங்க. கம்பி வலையில கைய வெச்ச மாதிரி இருக்குங்க. பசங்க இதுல ஒண்ணும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

தொண்ணூற்றாறு படத்திலும் கட்டத்தை எடுக்க வேண்டும், அச்சுக்கோட்டை மெல்லிசாக்க வேண்டும், வளைகோட்டைத் தடிப்பாக்க வேண்டும், திரும்பப் படமாக வெளியே எடுக்க வேண்டும். எந்திரம் ஓட்டுகிற அக்கா எட்டிப் பார்த்து, "ஒண்ணரைக்குள்ள என் கைக்கு வரணும். அதுக்கு மேல போனா நாலு மணிக்கு முடியாது, சொல்லிட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. விரல்காரரை என்ன செய்வது?

முதல் வரைவில் அவர் சாந்தமாக, மெதுவாக, பொருள் பொதிந்து பேசினார். கண்ணில்லாதவர் என்றால் ஞானி என்று எழுதிவிட எழுதுகிற கை தானாகப் போகிறது. அண்ணி அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அந்த ஆளா? என் டப்பாவுல இருந்து பிஸ்கட் திருடுற ஆளு! கேட்டா, 'கண்ணு தெரியலீங்க, என்னுதுன்னு நினைச்சேன்'ம்பார். எது எங்க இருக்குன்னு எங்க எல்லாரையும்விட அவருக்குத்தான் நல்லாத் தெரியும்."

ஆகவே வாசகரே, விரல்காரர் ஞானி இல்லை. நாற்பத்திரண்டு வயது, வாய் ஓயாத பேச்சு, கொஞ்சம் தற்பெருமை, நிறைய பிஸ்கட். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

4

அண்ணி வழக்கமான வழியிலேயே இறங்கினாள். மவுஸைப் பிடித்து, கோட்டைத் தொட்டு, தடிமனை மாற்றி, மேலே போய்ப் பட்டியலைத் திறந்து, 'எக்ஸ்போர்ட்' அழுத்தி, அகலம் கொடுத்து, பெயர் கொடுத்து, சேமித்து. அரை மணி நேரத்தில் ஒன்பது படம். மணிக்கட்டு விண் விண்ணென்று தெறித்தது. மனசுக்குள் கணக்குப் போட்டாள். மீதி எண்பத்தேழுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்.

"பதினாலு," என்றார் விரல்காரர்.

"என்ன பதினாலு?"

"ஒரு படத்துக்குப் பதினாலு தடவ கிளிக் பண்றீங்க. எண்ணிக்கிட்டே இருக்கேன்."

"உங்களுக்கென்ன, உக்காந்து எண்ணுங்க. இங்க கை கழண்டு போவுது."

"இதுக்கு ஏன் மவுஸு? அடியில ஒரு பெட்டி இருக்குமே, அதுல டைப் பண்ண வேண்டியதுதானே."

"அதுல சமன்பாடு டைப் பண்ணுவேன்."

"கட்டளையும் பண்ணலாங்க. படத்த வெளிய அனுப்புன்னு சொன்னா அனுப்பும். நான் அப்படித்தான் செய்யறேன்."

அண்ணி நாற்காலியோடு திரும்பினாள். "நீங்களா? படமா?"

"எங்க அக்கா பையன் காலேஜ்ல படிக்கிறான். அவனோட பாடத்துக்கெல்லாம் வரைபடம் போட்டு அனுப்பறது யாருன்னு நினைச்சீங்க? கண்ணு நல்லாத் தெரியற பய, கோடு போட மட்டும் மாமா வேணும் அவனுக்கு." குரலில் பெருமை வழிந்தது. "கம்ப்யூட்டர் எனக்கு வாசிச்சுக் காட்டும், நான் டைப் பண்ணுவேன். மவுஸ எங்க வீட்ல பேப்பர் பறக்காம இருக்க வெச்சிருக்கேன்."

ஐந்து வருடமாக அந்தப் பெட்டி அண்ணியின் கண் எதிரிலேயே இருந்திருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல அடித்தாள். படமாக வெளியேற்று, வகை இது, அகலம் பதினெட்டு சென்டிமீட்டர், அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி, பெயர் இது, கடைசியில் மூடு. எல்லாம் ஒரே வரியில். என்டர் தட்டினாள்.

படம் வந்து உட்கார்ந்திருந்தது.

அண்ணி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அடுத்த யோசனை அவளுடையது. இதை அழுத்திச் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். தொண்ணூற்றாறு சமன்பாடுகளையும் பிழைதிருத்தத்துக்காக அவள் முன்பே ஒரே பட்டியலாக அடித்து வைத்திருந்தாள்.

"ஏங்க, இந்தப் பட்டியல்ல இருந்து ஒண்ணொண்ணா எடு, வரை, தடிமன மாத்து, வெளிய அனுப்புன்னு மொத்தமா சொல்ல முடியாதா?"

விரல்காரர் கையில் எடுத்த பிஸ்கட்டை டப்பாவிலேயே திரும்பப் போட்டார். அது அச்சகத்தில் அபூர்வமான நிகழ்ச்சி.

"முடியுமே," என்றார்.

5

பன்னிரண்டே முக்கால் மணிக்குக் கட்டளை தயார். அண்ணி என்டரைத் தட்டினாள். திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வரி வரியாக ஓடியது. விரல்காரர் மேசையில் தாளம் போட்டுக்கொண்டே எண்ணினார். தொண்ணூற்றாறு! அண்ணி எழுந்தே நின்றுவிட்டாள். அப்படியே ஃபோல்டரைத் திறந்தாள்.

உள்ளே ஒரே ஒரு படம்.

"எத்தன இருக்கு?"

"ஒண்ணு."

"ஒண்ணா?"

"ஒண்ணுங்க! ஒண்ணே ஒண்ணு! எல்லாத்துக்கும் ஒரே பேர வெச்சிருக்கோம். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, முன்னாடி வந்தத எல்லாம் அழிச்சிடுச்சு!"

"நீங்கதானே பேர டைப் பண்ணீங்க?"

"நீங்க சொன்னதத்தானே டைப் பண்ணேன்!"

"நான் வீட்ல ஒரு படம்தாங்க அனுப்புவேன். எனக்கு எப்படித் தெரியும்?"

(இந்த இடத்தில் ஒரு பக்கத்துக்குச் சண்டை எழுதியிருந்தேன். சரிதானா என்று படித்துக் காட்டிக் கேட்டதற்கு, "அவ்வளவு நேரம் எங்கடீ இருந்துச்சு?" என்றாள் அண்ணி. வெட்டிவிட்டேன்.)

பெயரோடு வரிசை எண்ணும் சேர வேண்டும். விரல்காரர் "ஒண்ணு, ரெண்டு, மூணுனு வர வெச்சிடலாம்" என்றார். என்டருக்கு மேலே விரலை வைத்திருந்த அண்ணி சட்டென்று கையை எடுத்தாள்.

"இருங்க. அப்படி வெச்சா இந்த மெஷின் எப்படி அடுக்கும் தெரியுமா? ஒண்ணு, அடுத்து பத்து, பதினொண்ணு. ரெண்டு எங்கயோ பின்னாடி போயிடும். எந்திர ரூம் அக்கா, ஃபைல் வர்ற வரிசையிலதான் அச்சுக்கு விடுவாங்க. கேள்வி ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் ஆயிடும்."*

* வாசகரே, கதையின் மெய்யான ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். ஒரே படம் வந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வரிசை மாறிய தொண்ணூற்றாறு படம் யார் கண்ணிலும் படாது. தேர்வறையில்தான் தெரியும். அண்ணி எல்லா எண்ணுக்கும் முன்னால் சுழியம் சேர்த்து மூன்று இலக்கமாக்கினாள். பாராட்டு யாரும் சொல்லவில்லை. நான் இங்கே சொல்கிறேன்.

6

மணி ஒன்று பத்து. மறுபடி என்டர்.

இந்த முறை ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டே பார்த்தாள். வந்தன! ஒன்று, இரண்டு, ஐந்து, பன்னிரண்டு. கிண்ணம் போல ஒன்று, மலை போல ஒன்று, அலை அலையாக நான்கு. கட்டம் இல்லை. அச்சுக்கோடு நூல், வளைகோடு கயிறு. மவுஸ் மேசையில் தேமே என்று கிடந்தது. யாரும் தொடாமலே படங்கள் வந்து வந்து வரிசையில் நின்றன. அண்ணி ஒவ்வொன்றின் எண்ணையும் கத்திக் கத்திச் சொன்னாள். விரல்காரர் இரண்டு கையாலும் மேசையைத் தட்டினார். சத்தம் கேட்டுத் தலைவியே வந்து வாசலில் நின்றுவிட்டாள்.

"தொண்ணூத்தி நாலு! தொண்ணூத்தி அஞ்சு! தொண்ணூத்தி..."

கடைசிப் படம் வெறுமையாக இருந்தது. பெயர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. அளவு சுழியம்.

"ஒண்ணு குறைஞ்சாலும்..." என்று தலைவி தொடங்கி, முடிக்காமல் விட்டாள்.

விரல்காரர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு துள்ளினார். "மூடல! அடுத்த படம் வந்தாத்தான் முந்தின ஃபைல மூடும். இதுக்கு அப்புறம் எதுவும் வரலையே, அதான் இன்னும் திறந்தே கெடக்கு. ஒத்தப் படத்துக்குக் கடைசியில மூடுன்னு சொன்னோமே, இங்க விட்டுட்டோம். மூடச் சொல்லுங்க!"

அண்ணி மூடும் கட்டளையை அடித்தாள். சுழியம் இருந்த இடத்தில் எண் வந்தது. படம் நிறைந்தது. மணி ஒன்று பதினெட்டு.

(மூடாத கோப்பையும் முடியாத கதையையும் ஒப்பிட்டு இங்கே நான்கு வரி எழுதியிருந்தேன். அண்ணி பேனாவை வாங்கி அடித்துவிட்டாள். "ஃபைலு சும்மாதான் இருந்துச்சு. அதுக்குத் தத்துவம் எதுக்கு?")

எந்திர அறையிலிருந்து முதல் தாள் வெதுவெதுப்பாக வந்தது. விரல்காரர் ஆள்காட்டி விரலை இடது மூலையில் வைத்தார்.

"இறங்குது... இறங்குது... இந்தா, அச்சுக்கோட்ட தொட்டுடுச்சு! ஒரே இடத்துல தொட்டுட்டு மறுபடி ஏறுதுங்க!"

அண்ணி கண்ணீர் விட்டாள் என்று எழுதினேன்.

"நான் எங்க அழுதேன்? கத்தினேன். கீழ்வீட்டுக்காரங்க மேல வந்து என்னாச்சுன்னு கேட்டாங்க. அப்படி எழுது."

அப்படியே எழுதிவிட்டேன். நான்கு மணி வண்டி தொண்ணூற்றாறு படத்தோடும் கிளம்பியது.

7

இங்கே முடித்திருக்கலாம். முடிக்க விடாதது மறுநாள் காலை நடந்த ஒன்று.

படத்தில் சந்தேகம் எழுந்தால் பார்க்க ஆள் வேண்டும் என்று அண்ணியைத் தேர்வறை வாசலில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். வாயே திறக்கக் கூடாது என்பது விதி. முன்வரிசையில் ஒரு பெண், பதினைந்து வயது இருக்கும். வளைகோட்டின் மேல் விரலை வைத்து ஏற ஆரம்பித்தாள். ஏறி, ஏறி, தாளின் விளிம்புக்கு வந்தாள். அங்கே கோடு முடிந்துவிட்டது. விரல் முடியவில்லை. மேசை மரத்தின் மேல் அதே வளைவில் இன்னும் கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு முகத்தைத் தூக்கிக் கேட்டாள்.

"மிஸ், இது இதுக்கப்புறம் எங்க போவுது?"

அது வினாத்தாளில் இல்லாத கேள்வி. மேற்பார்வையாளர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்.

அண்ணி என்ன செய்தாள்? மூன்று முறை கேட்டேன், மூன்று விதமாகச் சொன்னாள். முதல் முறை, "விதியாவது ஒண்ணாவது, போயிட்டே இருக்கும்மானு சொல்லிட்டேன்" என்றாள். இரண்டாம் முறை, "பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன், மேற்பார்வையாளர்தான் கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதுன்னாங்க" என்றாள். மூன்றாம் முறை, அந்தப் பெண் யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை, தனக்குள் சிரித்துக்கொண்டு அடுத்த தாளை இழுத்தாள் என்றாள். மூன்று முறையும் அண்ணியின் கண் ஒரே மாதிரி மின்னியது. எதை நம்புவது?

நான் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. எந்த முடிவை எழுதினாலும் அந்த விரலை நான் பிடித்து நிறுத்தியது போல இருக்கிறது.

இப்போது வாசலில் நிற்பது நீங்கள். மேற்பார்வையாளர் உங்களைத்தான் பார்க்கிறார். அந்தப் பெண் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். விரல் தாளுக்கு வெளியே, மேசைமேல், இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.