இரண்டாவது நபர்

இந்தக் கணக்கெடுப்பு ஆப்பைச் செய்தவனை ஒரே ஒரு நாள் என்னோடு மலையேறிக் குண்டனி நாட்டுக்கு நடக்க விட வேண்டும். கால் வீங்கினால்தான் அவனுக்குப் புத்தி வரும்.

சுகாதாரக் கணக்கெடுப்பின் கடைசி நாள். கையில் அந்த ஆப் இருக்கும் டேப், தோள்பையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. மரவள்ளிக் காட்டோரம் தனியாக இருந்த வீட்டு வாசலில் செங்கோடன் சாமையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"ஊட்ல எத்தன பேருங்க?"

"ரெண்டு பேருங்க. நானு, பொன்னம்மா."

பதிந்தேன். அவருக்கு அழுத்தம் நூற்றெண்பதைத் தாண்டியிருந்தது. உடனே மாத்திரை வேண்டும். இன்று படிவம் முடிந்தால்தான் மருந்து வண்டியின் பட்டியலில் பெயர் ஏறும். டேப் இரண்டாவது நபரின் அழுத்தத்தைக் கேட்டது.

"அம்மா எங்கீங்க?"

"மொளகு பறிக்கக் குடகுக்குப் போயிருக்கறா."

"எப்ப வருவாங்க?"

அவர் சாமையைக் கிளறினார். "போயி மூணு வருசமாச்சுங்க. கூடப் போனவங்கெல்லாம் வந்துட்டாங்க."

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்த அம்மாவின் அழுத்தத்தைப் பதியாமல் படிவம் முடியாது. பெயரை எடுக்க வேண்டுமென்றால், 'இவர் இப்போது இந்த வீட்டில் இல்லை' என்று வீட்டுக்காரர் திரையில் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஒரு கையெழுத்துப் போடுங்க. அடுத்த வாரமே மாத்திர வந்துரும்."

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அதுக்கு நா போடமாட்டனுங்க. மாத்திர வராட்டிப் போவுது."

கெஞ்சினேன். திட்டினேன். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிடும் என்று பயமுறுத்தினேன். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை. உள்ளே கொடியில் ஒரு பச்சைச் சேலை ஈரத்தோடு தொங்கியது. மூன்று வருடமாகத் துவைத்துப் போடுகிறார் போலிருக்கிறது. டேப்பை அவர் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டேன்.

சேந்தமங்கலத்தில் என் வாடகை அறைக்கும் போன மாதம் கணக்கெடுக்க வந்தார்கள். நான் மலையில் இருந்தேன். பூட்டிய வீடு என்று பதிந்துவிட்டுப் போனார்கள். இங்கே கோகிலா என்று ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்ல அந்தத் தெருவில் ஒரு வாய்கூட இல்லை.

ரத்த அழுத்தக் கருவியின் பட்டையை என் கையில் சுற்றிக்கொண்டு பொத்தானை அமுக்கினேன். நூற்று ஐம்பத்தெட்டு. பொன்னம்மாள் பெயருக்கு நேரே பதிந்தேன். பொய்க் கணக்குதான், தெரிந்தால் வேலை போகும். படிவம் முடிந்தது.

செங்கோடன் எட்டிப் பார்த்தார். "எவ்வளவுங்க காட்டுது?"

"அதிகந்தானுங்க."

என் கையில் சுற்றியிருந்த பட்டையைப் பார்த்தார். "உப்பக் கொறச்சுக்க, கண்ணு. வெறும் வயித்தோட மல ஏறாத."

என்னிடம் சொன்னாரா, பொன்னம்மாளிடம் சொன்னாரா, தெரியவில்லை. எனக்கு இப்படிச் சொல்ல ஆளில்லாமல் ஆறு வருடம். பட்டையைக்கூடக் கழற்றாமல் அந்த வாசலில் நின்று அழுதேன்.

"சரிங்க," என்றேன்.